பறக்கும் தூளைப் பிடிப்பது எப்படி?

மிளகாய் இடிக்கும்போது தும்மாதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. உரலில் இடித்தாலும் மில்லில் அரைத்தாலும் தூள் ஓர் அடங்காத சாமான். கொட்டினால் பறக்கும், அள்ளினால் சிந்தும், போத்தலின் வாயிலே அடைத்துக்கொண்டு நிற்கும். இது அடுப்படிக்கு மட்டுமே உரிய தொல்லை அல்ல சகோதரிகளே. பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இதே தொல்லைதான். அங்கே தங்கியிருப்பவர்களுக்கு உப்பையும் மிளகையும் தூளாகக் கொடுப்பதில்லை. உப்பைத் தண்ணீரில் கரைத்தும் மிளகுத்தூளை எண்ணெயில் கலந்தும் சிறு குப்பிகளில் அனுப்புகிறார்கள். தூளாகத் தூவினால் அது சாப்பாட்டில் விழாது. காற்றோடு மிதந்து கண்ணுக்குள்ளும் மூக்குக்குள்ளும் இயந்திரங்களுக்குள்ளும் போய்விடும்.

1965 மார்ச்சில் ஜெமினி 3 விண்கலத்தில் பறந்த ஜோன் யங் என்பவர், இரகசியமாக ஒரு சான்ட்விச்சைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கடித்ததும் பாண் துகள்கள் கலத்துக்குள் மிதக்கத் தொடங்கின. உடனே அதை மூடி வைக்க வேண்டியதாயிற்று. அந்தச் சான்ட்விச் பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் வரை பேசப்பட்டது. இன்று அங்கே பாணுக்குப் பதிலாக, நம் ரொட்டியைப் போன்ற உதிராத மெக்சிக்கோ ரொட்டியைத்தான் உண்கிறார்கள்.

இதை இங்கே எழுதக் காரணம் மாத்தளையில் நான் பார்த்த ஒரு மில். கண்டியில் தொடங்கி வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியை நம்மில் பலர் நன்கு அறிவோம். அதே வீதிதான் மாத்தளை நகரையும் ஊடறுத்துச் செல்கிறது. மிளகு, சாதிக்காய், கொக்கோ, கறுவா என்று சரக்குகளுக்குப் பெயர்போன மாவட்டம் இது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான் இருக்கிறது. வீதியோரச் சரக்குத் தோட்டங்களில் உல்லாசப் பயணிகள் வாசனை பிடித்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே சற்றுத் தள்ளி, மில்களில் அரைக்கிறவர்களை யாரும் வந்து பார்ப்பதில்லை.

அந்த மில்லில் வேலை செய்யும் அக்காவின் பெற்றோர், 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். 2009இல் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு அவர் உறவினரிடம் திரும்பி வந்தார். அவருக்கு அன்று இரண்டு கவலைகள். ஒன்று விடாத இருமல். மற்றது அதைவிடப் பெரியது. ஒரு கிலோ மிளகாய் கொடுத்தவருக்கு ஒரு கிலோ தூள் திரும்பி வருவதில்லை. “நிறை குறைஞ்சா என்னையத்தான் பாக்குறாங்க மிஸ். வாயால கேக்க மாட்டாங்க. பார்வைதான்” என்றார். ஆண் துணை இல்லாத பெண் மீது கள்ளப் பட்டம் எவ்வளவு சுலபமாக விழும் என்பதை இந்த இதழின் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தூள் எங்கேதான் போகிறது? மிளகாயில் இருக்கும் ஈரம் அரைக்கும் சூட்டில் ஆவியாகிறது. கொஞ்சம் இயந்திரத்தின் உட்சுவரில் ஒட்டுகிறது. மீதி காற்றில் போகிறது, அதில் ஒரு பங்கு அக்காவின் நெஞ்சுக்குள்ளே போகிறது.

தூளின் குணத்தைச் சற்றுப் பார்ப்போம். சீனியைச் சரித்தால் ஓடுகிறது, கோதுமை மா ஓடுவதில்லை. ஒரு துகளின் பருமன் பத்தில் ஒன்றாகச் சிறுத்தால் அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் பக்கத்துத் துகளோடு ஒட்டும் விசை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே துகள் சிறுக்கச் சிறுக்க ஒட்டுதல் வெல்கிறது, எடை தோற்கிறது. மில்லின் வாயில் தூள் பாலம் போல் கட்டிக்கொண்டு இறங்காமல் நிற்பதும், தடியால் தட்டினால் பொத்தென்று விழுவதும் இதனால்தான். ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் மோசம். விண்வெளியிலோ எடை என்பதே உணரப்படுவதில்லை. அங்கே சீனிகூட மாவைப் போல நடந்துகொள்ளும். நம் சுளகும் அங்கே உதவாது. புடைக்கும்போது கல்லும் அரிசியும் திரும்பித் தட்டில் விழுந்தால்தானே பிரிக்கலாம்!

சந்திரனில் ஈர்ப்பு நமது ஆறில் ஒரு பங்கு. அங்கேயும் தூள் சும்மா விடவில்லை. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17இல் போன ஹரிசன் ஷ்மிட்டுக்கு, உடையில் ஒட்டி வந்த சந்திரத் தூசியால் மூக்கு அடைத்துத் தடிமன் பிடித்தாற்போல் ஆனது. அந்தத் தூசிக்கு வெடித்த வெடிமருந்தின் மணம் இருந்ததாக அங்கே போனவர்கள் சொன்னார்கள். அந்த மணம் நமக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் அறிய மாட்டார்கள்.

தொலைதூரப் பயணங்களில் உடைந்த உதிரிப்பாகங்களை அங்கேயே செய்துகொள்ள வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் எண்ணம். பூமியில் உலோகத் தூளை மெல்லிய படையாகப் பரப்பி, லேசர் கதிரால் உருக்கி, படைமேல் படையாகப் பொருள் செய்கிறார்கள். எடையற்ற இடத்தில் தூளை எப்படிப் பரப்புவது? 2024இல் விண்வெளி நிலையத்துக்குப் போன ஐரோப்பிய உலோக அச்சு இயந்திரம் தூளையே தவிர்த்துவிட்டு, துருப்பிடிக்காத உருக்குக் கம்பியைப் பயன்படுத்தியது. ஜேர்மனிய ஆய்வாளர்கள் வேறொரு வழி கண்டார்கள். தூளின் அடியில் ஒரு வடிகட்டியை வைத்து, அதனூடாக வாயுவை உறிஞ்சினார்கள். வாயு வெளியே போனது. தூள் வடிகட்டியின் மேல் அமர்ந்துகொண்டது. மேலெழுந்து சரியும் விமானத்தில் சில விநாடிகளே கிடைக்கும் எடையற்ற நிலையில் இதைப் பரீட்சித்து, 2018இல் சிறியதொரு ஸ்பனரைச் செய்து காட்டினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த மில்தான் நினைவுக்கு வந்தது. மில்லின் வாயில் கட்டும் துணிப்பை செய்வதும் இதே வேலைதான். அரைக்கும் இயந்திரம் விசிறி போலக் காற்றையும் தள்ளுகிறது. துணி காற்றை விட்டு, தூளைப் பிடித்து வைக்கிறது. அந்த மில்லில் பை கட்டையாக இருந்தது. மாதக் கணக்கில் உதறப்படாமல் துணியின் கண்களெல்லாம் அடைத்திருந்தன. வெளியேற வழியில்லாத காற்று, தூளையும் இழுத்துக்கொண்டு மூட்டுகளால் சீறியது. சிலர் பொலித்தீன் பையைக் கட்டிவிட்டு “தூள் வெளியே போகாது” என்கிறார்கள். காற்றுக்கு வழி விடாத பை, பை இல்லாததை விட மோசம் என்பேன்.

முதலாளியிடம் பேசி, தடித்த பருத்தித் துணியில் முன்னையதைப் போல இரு மடங்கு நீளமான பை தைத்தோம். செயற்கை நூல் துணி வேண்டாம். உலர்ந்த தூள் உரசும்போது அதில் மின்னேற்றம் உண்டாகி, தூள் துணியோடு ஒட்டிக்கொள்ளும். மாலையில் இயந்திரத்தை நிறுத்தி, தூள் படிந்த பின்பே பையை அவிழ்த்து, வெளியே கொண்டுபோய் உதற வேண்டும். மிளகாய் ஒடித்தால் ‘சடக்’கென்று முறியும் வரை காய்ந்திருந்தால் மட்டுமே அரைக்க எடுக்க வேண்டும். முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டால் போதாது, நுண்ணிய தூசி அதற்குள்ளால் போய்விடும். மருந்துக் கடைகளில் விற்கும் என்-95 முகமூடிதான் வேண்டும். தூசி பறக்கும் இடத்தில் நெருப்புக்குச்சி கிழிக்கவே கூடாது. 2008 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு சீனி ஆலையில் சீனித் தூசி தீப்பற்றி வெடித்து 14 பேர் இறந்தார்கள்.

தராசை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறோம். கொண்டு வந்த நிறை, காய்ச்சல் போதுமா போதாதா, திரும்பக் கொடுத்த நிறை என்று மூன்று நிரல் போட்ட கொப்பி ஒன்றில், வந்தவரின் கண்முன்னே அக்கா எழுதுகிறார். ஈர மிளகாய் கொண்டு வருகிறவர்களுக்கு எவ்வளவு குறைகிறது என்பது இப்போது அவர்களுக்கே தெரிகிறது. இருமலுக்கு மாத்தளை ஆஸ்பத்திரியில் துண்டு போட்டிருக்கிறார். எக்ஸ்ரே எடுக்கும் நாளில் மில்லைப் பார்த்துக்கொள்ள, கொப்பி எழுதத் தெரிந்த இன்னொரு பிள்ளையைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.