ஒரு நொடியின் விலை

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரி வகுப்பறைகளில் இறுதிநிலைப் பயன்பாட்டுக் கோட்பாட்டை நடத்தியிருக்கிறேன். ஆரஞ்சுப் பழமும் ஆப்பிளும்தான் எப்போதும் எடுத்துக்காட்டு. மாணவர்கள் அதைத் தேர்வுக்காகப் படித்தார்கள். தேர்வு முடிந்ததும் மறந்தார்கள். அதே கோட்பாடு நொடிக்கு நொடி இயங்குவதை நான் நேரில் கண்டது, ஓய்வுபெற்ற பிறகு, அமெரிக்காவின் ஓஹயோ மாநிலத்தில் உள்ள ஒரு துப்பாக்கிச் சுடுதல் களத்தில்.

என் தங்கை மகன் அங்கே பொறியாளராக இருக்கிறான். வார இறுதிகளில் அவன் ஈடுபடும் விளையாட்டு, 'பிராக்டிகல்' கைத்துப்பாக்கிச் சுடுதல். துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கும் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்நாட்டில் அதனால் நேரும் உயிரிழப்புகளை அறிந்தவன். தயக்கத்துடன்தான் உடன் சென்றேன். அங்கிருந்த கட்டுப்பாடு என்னை வியக்க வைத்தது. துப்பாக்கியின் முனை அனுமதிக்கப்பட்ட திசையைத் தாண்டித் திரும்பினாலோ, கையிலிருந்து தவறி விழுந்தாலோ, அத்துடன் அன்றைய போட்டி அவருக்கு முடிந்தது. மன்றாடிப் பயனில்லை.

பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் தகுதிச்சுற்றில் 60 முறை சுட 75 நிமிடம் தரப்படுகிறது. அங்கே பொறுமைதான் மூலதனம். பிராக்டிகல் போட்டியோ வேறு வகை. இதற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் உருவானது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், ஆற்றல், வேகம் என்னும் பொருளுடைய மூன்று லத்தீன் சொற்களே அதன் முழக்கம். இந்த மூன்றையும் ஒரே எண்ணில் அடக்க அவர்கள் கண்ட வழிதான் ஒரு பொருளாதார ஆசிரியனைக் கவர்ந்தது: பெற்ற புள்ளிகளை, எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுக்கிறார்கள். அந்த ஈவுக்கு 'ஹிட் ஃபேக்டர்' என்று பெயர்.

அட்டை இலக்கின் நடுவே சுமார் 15 செ.மீ. அகலமும் 28 செ.மீ. உயரமும் கொண்ட 'ஏ' பகுதியில் பட்டால் 5 புள்ளிகள். அதைச் சூழ்ந்த 'சி' பகுதிக்கு 3, ஓரத்து 'டி' பகுதிக்கு 1. (ஆற்றல் மிகுந்த தோட்டாவுக்கு இவை 4, 2 எனக் கூடும். என் மருமகன் சுடுவது 9 மி.மீ. ரகம் என்பதால் முதற்கணக்கே பொருந்தும்.) இலக்கையே தவறவிட்டால் 5 புள்ளிகள் கிடைக்காமல் போவதோடு 10 புள்ளிகள் கழிக்கவும்படும்.

வீரர்களைத் தரம்பிரிக்க நாடெங்கும் ஒரே அளவில் அமைக்கப்படும் சுற்றுகள் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் நிர்ணயிக்கப்பட்ட உச்ச ஹிட் ஃபேக்டரில் ஒருவர் எத்தனை சதவீதம் பெற்றார் என்று பார்க்கிறார்கள். அண்மைய 8 சுற்றுகளில் சிறந்த 6-இன் சராசரி 40-ஐத் தொட்டால் 'சி', 60 என்றால் 'பி', 75 என்றால் 'ஏ', 85 என்றால் மாஸ்டர், 95 என்றால் கிராண்ட் மாஸ்டர். என் மருமகன் இரண்டு ஆண்டுகளாக 70-ஐ ஒட்டியே நின்றான். மாதந்தோறும் தோட்டாவுக்குச் செலவாகும் பணம் குறித்து வீட்டில் பேச்சு எழுந்திருந்தது. விட்டுவிடலாமா என்ற எண்ணம் அவனுக்கே வந்திருந்தது. "மாமா, விரல் இன்னும் வேகமாக ஓடினால் 'ஏ' வகுப்புக்குப் போய்விடுவேன்" என்றான்.

'எல் பிரசிடென்ட்' என்றொரு சுற்று; கூப்பர் வகுத்தது. பத்து கஜ தூரத்தில் மூன்று இலக்குகள். அவற்றுக்கு முதுகு காட்டிக் கைகளை உயர்த்தி நிற்க வேண்டும். ஒலி எழுந்ததும் திரும்பி, இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, இலக்குக்கு இரண்டாக ஆறு முறை சுட வேண்டும். பிறகு தோட்டா நிரம்பிய வேறு மேகசினை மாட்டி மறுபடியும் ஆறு. அவன் இடுப்பிலிருந்த மின்னணு நேரங்காட்டி ஒவ்வொரு வெடியோசைக்கும் நேரம் குறித்திருந்தது. அதைத் தாளில் எழுதிக் கூறுகூறாகப் பிரித்தேன். முதல் தோட்டா வெளிப்படும் வரை 2.1 நொடி. ஒரே இலக்கில் இரண்டாவது முறை சுடுவதற்கான இடைவெளி 0.25 வீதம் ஆறு முறை, 1.5 நொடி. இலக்கிலிருந்து இலக்குக்கு மாற 0.45 வீதம் நான்கு முறை, 1.8 நொடி. மேகசின் மாற்ற 2.6 நொடி. ஆக 8 நொடி. ஒன்பது 'ஏ', மூன்று 'சி' என 54 புள்ளிகள். ஹிட் ஃபேக்டர் 6.75.

இதன் பொருள், அந்தச் சுற்றில் அவனுடைய ஒரு நொடியின் விலை 6.75 புள்ளி. 'ஏ' கைநழுவி 'சி' ஆனால் நட்டம் 2 புள்ளி, அதாவது சுமார் 0.3 நொடி. ஒரு தோட்டா முற்றிலும் தவறினால் நட்டம் 15 புள்ளி, இரண்டு நொடிக்கும் மேல். விசையை விரைந்து அழுத்தி இடைவெளியை 0.25-இலிருந்து 0.20 ஆக்கினால் மொத்தச் சேமிப்பே 0.3 நொடிதான். ஒரே ஒரு 'சி' அதை விழுங்கிவிடும். உண்மையில் அவன் முந்தைய மாதம் அப்படிச் சுட்டுப் பார்த்திருக்கிறான்: 7.7 நொடி, ஆறு 'ஏ', ஐந்து 'சி', ஒரு 'டி'. 46 புள்ளியை வகுத்தால் 5.97. வேகமாகச் சுட்டுக் கீழே இறங்கியிருக்கிறான்.

அந்த எட்டு நொடியில் ஏறக்குறைய ஐந்து நொடி, உருவுவதிலும் மேகசின் மாற்றுவதிலும் போயிருந்தது. அந்நேரத்தில் தோட்டா எதுவும் வெளிப்படுவதில்லை. ஆகவே அங்கே மிச்சம் பிடிக்கும் நொடிக்குத் துல்லியத்தில் விலை கொடுக்க வேண்டியதில்லை. உருவுவதில் 0.4, மேகசினில் 0.8 குறைத்தால் நேரம் 6.8 நொடி; அதே 54 புள்ளிக்கு ஹிட் ஃபேக்டர் 7.94. சுமார் 18 சதவீத உயர்வு. இதைப் பழகத் தோட்டா வாங்கவும் வேண்டாம். தோட்டாக்களை வேறோர் அறையில் பூட்டிவிட்டு, துப்பாக்கியும் மேகசின்களும் வெறுமையாக இருப்பதை இருமுறை சரிபார்த்து, பாதுகாப்பான சுவரை நோக்கி நாளுக்குப் பதினைந்து நிமிடம் பழகலாம்.

விலை எல்லாச் சுற்றிலும் ஒன்றல்ல என்பதை அவனுக்குப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது. தொலைவும் கடினமும் மிகுந்த சுற்றில் ஹிட் ஃபேக்டர் 4 என்றால், ஒரு 'சி'யைத் தவிர்க்க அரை நொடிவரை செலவிடலாம். அண்மை இலக்குகள் நிறைந்து அது 10 ஆகும் இடத்தில் 0.2 நொடிக்கு மேல் தகாது. மூன்று கஜத்தில் நிற்கும் இலக்குக்கும் இருபத்தைந்து கஜத்தில் நிற்பதற்கும் ஒரே அளவு கவனமாகக் குறிபார்ப்பவன், ஒன்றில் வீணடிக்கிறான், மற்றொன்றில் கஞ்சத்தனம் செய்கிறான். தேர்ந்த வீரர்கள் தோட்டா புறப்படும் கணத்தில் குறிமுள் எங்கே இருந்தது என்பதைக் கண்டுகொண்டு, அட்டையைப் பாராமலே அது 'ஏ'யா 'சி'யா என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பார்வை வராமல் கையை விரைவுபடுத்துவது, கணக்கேடு இல்லாமல் கடையை விரிவாக்குவதைப் போன்றது.

இன்னொன்றையும் கவனித்தேன். உள்ளூர்ப் போட்டிகளில் தரநிர்ணயச் சுற்றைக் கூடுதல் கட்டணம் கட்டி மீண்டும் சுடும் வழக்கம் இருக்கிறது. துணிந்து வேகமாகச் சுட்டு, ஒருநாள் அதிர்ஷ்டம் கைகொடுத்தால் சதவீதம் ஏறிவிடும். இறங்கினால் கீழ்வகுப்புக்குத் தள்ளுவதில்லை. இவ்வாறு மேலேறியவர்களைக் 'காகித மாஸ்டர்' என்று சக வீரர்களே கேலி செய்கிறார்கள். ஓடியும் குனிந்தும் முப்பது தோட்டாவரை சுட வேண்டிய பெரிய சுற்றுகளில் அவர்களின் சாயம் வெளுத்துவிடுகிறது. எதிர்ப்புறத்தில், பரிசுக்காக வேண்டுமென்றே மோசமாகச் சுட்டுக் கீழ்வகுப்பிலேயே தங்குபவர்களும் உண்டு. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கை பற்றிக் கூறியது இங்கும் பொருந்துகிறது: அளவுகோலையே இலக்காக்கினால் அது அளக்கும் தன்மையை இழக்கிறது. மருமகனும் இருமுறை அப்படிக் கட்டணம் கட்டியவன்தான். நான் கேட்டபோது சற்று நேரம் பேசவில்லை.

நான் ஊர் திரும்பி ஐந்து மாதமாகிறது. அவன் மேகசின் மாற்றும் நேரம் 1.9 நொடிக்கு வந்திருக்கிறதாம். சராசரி 73, இன்னும் 'பி' வகுப்புதான். தோட்டாச் செலவு பாதியாகிவிட்டது. வெற்று மேகசின் இரவில் தரையில் விழும் ஓசை குழந்தையை எழுப்பிவிடுகிறது என்பது இப்போது அவன் மனைவியின் புகார். கனத்த விரிப்பு ஒன்று வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறேன்.