குட்டைத் துப்பாக்கிக்குக் கத்தி எதற்கு?

நான்கு முழக் கோலுடன் நிற்பவனை இரண்டு முழக் கோலுடன் ஒருவன் எதிர்க்கிறான். முதல் அடி யாருக்கு விழும்? இதற்கு விடை சொல்ல நீங்கள் சிலம்பம் கற்றிருக்க வேண்டியதில்லை. துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியான பயனெட்டுக்கும் இதே கணக்குத்தான். துப்பாக்கியை ஈட்டியாக மாற்றுவதே அதன் வேலை. ஈட்டிக்கு நீளமே பலம்.

பிரிட்டிஷ் படையின் பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் நீளம் சுமார் 113 செ.மீ. அதற்குரிய பயனெட்டின் அலகு 43 செ.மீ. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். இரண்டாம் உலகப் போரில் வந்த ஸ்டென் துப்பாக்கியோ 76 செ.மீ. நீளமே உடையது. விசையை அழுத்திப் பிடித்தால் குண்டுகளைச் சரமாரியாகப் பொழியும் ‘சப்மெஷின் கன்’ இனத்தைச் சேர்ந்தது இது. 1944இல் வந்த அதன் ஐந்தாம் மாதிரியில் சுமார் 20 செ.மீ. நீளமுள்ள கூரிய பயனெட்டைப் பொருத்த வழி செய்தனர். கூட்டிப் பாருங்கள்: 96 செ.மீ. கத்தியில்லாத ரைஃபிளை விடவும் குறைவு!

அடுத்து, நெம்புகோல் விதி. கடப்பாரையை இரு கைகளையும் அகற்றிப் பிடித்தால் எளிதில் திருப்பலாம். நெருக்கிப் பிடித்தால் கை நோகும். குட்டைத் துப்பாக்கியில் கைகளை அகற்றிப் பிடிக்க இடம் குறைவு. எதிரி முனையைத் தட்டிவிட்டால் தடுத்து நிறுத்துவது கடினம்.

மூன்றாவது, நிலைமம். பேருந்து திடீரெனக் கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? ஸ்டென்னின் அடிக்கட்டை எதிலாவது பலமாக மோதினால், உள்ளிருக்கும் கனமான ‘போல்ட்’ அதேபோல் பின்னுக்கு நகரும். பிறகு சுருள்வில் தள்ள முன்னே பாய்ந்து, குண்டைத் தானாகவே வெடிக்கச் செய்துவிடலாம். பயனெட் போரிலோ குத்துவதோடு அடிக்கட்டையால் இடிப்பதும் உண்டு. அருகிலிருக்கும் தோழனின் கதி என்ன?

அப்படியானால் ஏன் பொருத்தினார்கள்? ஸ்டென்னின் 32 குண்டுகளும் தொடர்ந்து சுட்டால் நான்கே விநாடிகளில் தீர்ந்துவிடும். வேறு குண்டுக்கூட்டை மாட்டும் வரை வெறுங்கையாக நிற்பதைவிட ஒரு கூர்முனை இருப்பது மேல். காவல் நிற்கையிலும், கைதிகளை நடத்திச் செல்கையிலும் சுடாமலே அச்சுறுத்த அது உதவும். 1953இல் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட ஸ்டெர்லிங் துப்பாக்கியிலும் பயனெட்டுக்கு இடம் வைத்தார்கள். அந்தத் துப்பாக்கி நம் நாட்டில் கான்பூரிலும் தயாரிக்கப்பட்டது.

ஆகவே, குட்டைத் துப்பாக்கியின் பயனெட் கடைசி நேரத் துணையே. ரைஃபிளின் ஈட்டிக்கு அது ஈடாகாது.