டச்சப் மட்டும் கரைவது எப்படி?

கல் தெறித்து காரில் ஒரு புள்ளி பெயிண்ட் போய்விடுகிறது. அதே கலரில் டச்சப் பாட்டில் வாங்கி, மூடியோடு வரும் பிரஷ்ஷால் வைக்கிறோம். காய்ந்த பிறகு பார்த்தால் கடுகளவு மேடு துருத்திக்கொண்டு, பழைய புள்ளியைவிட எடுப்பாகத் தெரிகிறது. உடனே பலர் கையில் எடுப்பது வாட்டர் பேப்பரை. தயவுசெய்து வேண்டாம்.

கம்பெனி பெயிண்டின் மொத்தத் தடிமனே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரான். வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தாங்குவது அந்தப் படலம். தேய்த்து மெலிந்த இடம் நாளடைவில் வெளுத்து உரியத் தொடங்கும்.

தேய்க்காமலே எடுக்கலாம். காரணம், இரண்டு பெயிண்டும் இறுகும் விதம் வேறு. தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்த பாடியைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைக்கிறார்கள். அப்போது மூலக்கூறுகள் வேதிப் பிணைப்பால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகிவிடுகின்றன. சாதாரண டச்சப்பில் அந்தப் பிணைப்பு கிடையாது. கரைப்பான் ஆவியாகிப் போக, மிச்சம் இறுகுகிறது, அவ்வளவுதான். இறுகிய வெல்லம் தண்ணீர் பட்டால் கரையும், வெந்த முட்டை கரையுமா? என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் பட்டதும் டச்சப் இளகுவதும் கம்பெனி பெயிண்ட் அசையாமல் நிற்பதும் இதனால்தான். ஆனால் தின்னரில் நெடுநேரம் ஊறினால் கம்பெனி பெயிண்டும் உப்பி மங்கும்.

பழைய ஏடிஎம் கார்டு ஒன்றில் பனியன் துணியைச் சுருக்கமில்லாமல் இறுகச் சுற்றுங்கள். துணியில் இரண்டு சொட்டு தின்னர் போதும். அழுத்தாமல் மேட்டின்மேல் ஒரே திசையில் இழுங்கள். துணியில் கலர் ஒட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் சுத்தமான பக்கத்துக்கு மாறுங்கள். கார்டு தட்டையாக இருப்பதால் மேடு மட்டும் கரைந்துபோகும், கல் தெறித்த பள்ளத்துக்குள் பெயிண்ட் அப்படியே தங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது. மொத்தமாகவே எடுத்துவிட வேண்டுமானால் கார்டு வேண்டாம், துணியை விரலில் சுற்றித் துடைக்கலாம். பிறகு ஷாம்பூ தண்ணீரில் கழுவி, பாலிஷ் போடுங்கள்.

காரில் இருப்பது பட்டறையில் அடித்த என்.சி. பெயிண்டாக இருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்துவிடும். ஆகவே அதே பேனலில், கண்ணில் படாத ஓரத்தில் முதலில் துடைத்துப் பாருங்கள். ஹெட்லைட்டின் மேல் தின்னர் படவே கூடாது. அந்தப் பாலிகார்பனேட் மங்கி நுண்விரிசல் விடும். தின்னர் சட்டெனத் தீப்பிடிக்கும் என்பதால் காற்றோட்டமான நிழலில் வேலை செய்யுங்கள். ஹார்ட்னர் கலந்து வைத்த டச்சப்புக்கு மட்டும் இந்த வழி பலிக்காது. அதை நல்ல பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள்.