13 வாக்குகள், ஓர் இடமும் இல்லை

ஒன்பதாம் வகுப்பில் தேர்தல் பாடம் நடத்தும்போது ‘விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம்’ என்ற சொல்லை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், பொருள்தான் பிடிபடுவதில்லை. திருத்தணியில் என் வகுப்பில் இதை ஒரு சிறு கணக்காகச் செய்து பார்க்கிறோம்.

40 மாணவர்கள், வரிசைக்கு 8 பேராக 5 வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு தொகுதி. கபடி, கோ-கோ, கேரம் மூன்றும் கட்சிகள். முதல் நான்கு வரிசைகளிலும் கபடிக்கு 4, கோ-கோவுக்கு 3, கேரமுக்கு 1 வாக்கு. கடைசி வரிசையில் கேரமுக்கு 4, கபடிக்கு 3, கோ-கோவுக்கு 1. கூட்டினால் கபடிக்கு 19 வாக்கு, 4 இடம். கேரமுக்கு 8 வாக்கு, 1 இடம். கோ-கோவுக்கு 13 வாக்கு, ஓர் இடமும் இல்லை. “அது எப்படி சார்?” என்று வகுப்பே எழுந்து நிற்கும்.

இலங்கையில் 1977-ல் ஏறக்குறைய இதுதான் நடந்தது. 168 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 51 விழுக்காடு வாக்கில் 140 இடங்களை வென்றது. 30 விழுக்காட்டை ஒட்டி வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை 8. அதன் வாக்குகள் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. வடக்கு கிழக்கில் திரண்டிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 7 விழுக்காட்டுக்கும் குறைந்த வாக்கில் 18 இடங்கள் பெற்றது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நம் மாநிலத்திலும் 2014 மக்களவைத் தேர்தலில் 44 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பெற்ற கட்சிக்கு 39-ல் 37 இடங்கள். 23 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. (வகுப்பில் இந்திய அரசியல் கட்சிகளின் பெயரை நான் சொல்வதில்லை. எண்களே போதும்.)

ஜெயவர்தன 1978 அரசியலமைப்பில் விகிதாச்சார முறையைக் கொண்டுவந்தார். ஆனால் 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதில் வாக்கெடுப்பு நடத்தி, பழைய முறையில் கிடைத்த அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்டார். புதிய முறையில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1989-ல்தான் நடந்தது. நல்ல விதியை எழுதிவைத்தால் மட்டும் போதுமா என்று மாணவர்களைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இப்போது அதே வாக்குகளை விகிதாச்சார முறையில் பிரிப்போம். 40-ஐ 5-ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு 8 வாக்கு. கபடி 2, கோ-கோ 1, கேரம் 1. மிச்ச இடம் அதிக மீதி வைத்திருக்கும் கோ-கோவுக்கு. ஆக 2, 2, 1. இலங்கையில் ஒரு திருத்தம் உண்டு: மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு ஓர் இடம் போனஸ். அதை முதலில் கொடுத்துவிட்டு மற்ற 4 இடங்களைப் பிரித்தால் கபடி 3, கோ-கோ 1, கேரம் 1. பாதிக்குக் குறைந்த வாக்கில் கபடிக்கு மீண்டும் பெரும்பான்மை!

சரி, நாடு நன்றாக ஆளப்பட்டதா? சிதறி வாழும் மக்களுக்கு இம்முறை உதவியது உண்மை. 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர், பின்னாளில் பதுளை, கண்டி மாவட்டங்களிலிருந்தும் நாடாளுமன்றம் சென்றனர். ஆனால் 2020-ல் இதே முறையில் தேர்வான நாடாளுமன்றம் 20-ஆம் திருத்தத்தை 156 வாக்குகளால் நிறைவேற்றி, அதிபரின் கையில் அதிகாரத்தைக் குவித்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைச் செலுத்த முடியாமல் நின்றது. என் கருத்தில், விகிதாச்சாரம் அவையில் யார் உட்காருகிறார் என்பதைச் சீராக்குகிறது. உட்கார்ந்தவர் அதிபரைக் கேள்வி கேட்க முடியுமா என்பது வேறு விதிகளைப் பொறுத்தது.

இழப்பும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் 10 சட்டமன்றத் தொகுதிகள். இலங்கை முறையில் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாகிவிடும்; திருத்தணிக்கென்று தனி உறுப்பினர் இருக்கமாட்டார். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் இருக்கும் என் வகுப்பில், “எங்களைப் போன்றவர்களுக்கு எது நல்லது?” என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

மறுநாள் மாநிலங்களவைக்குப் போகலாம். அதுவும் விகிதாச்சாரம்தான், ஒற்றை மாற்று வாக்கு வழியில். 234 சட்டமன்ற உறுப்பினர்கள், 6 இடங்கள் என்றால் ஓர் இடத்துக்கு ஏன் 34 வாக்கு வேண்டும் என்பதைக் கரும்பலகையில் அவர்களே வகுத்துப் பார்க்கட்டும்.