தலையில் அடி, மனதில் ஏற்கெனவே சோர்வு: மருத்துவரிடம் இரண்டையும் சொல்லுங்கள்

ஸ்கூட்டியில் போகும் ஒரு பெண் வேகத்தடையில் தடுமாறி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட் போட்டிருந்தார், ரத்தக்காயம் இல்லை. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு "நார்மல்தான், வீட்டுக்குப் போகலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பத்து நாளாகியும் தலைவலி விடவில்லை. வெளிச்சம் கூசுகிறது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. அவர் ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர். வீட்டில் என்ன சொல்வார்கள்? "ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லையே. உனக்கு எப்பவும் இருக்கிற டிப்ரஷன்தான் இது."

அக்கறையோடு சொல்லப்படும் பேச்சுதான். ஆனால் இந்தப் பேச்சாலேயே பலர் கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சையை இழக்கிறார்கள்.

ஸ்கேனில் தெரியாத காயம்

தலையில் அடி விழுந்தாலோ, அடி விழாமல் தலை வெடுக்கென்று முன்னும் பின்னும் ஆடினாலோ கூட மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கும். இதனால் வரும் பாதிப்பைத்தான் மூளை அதிர்வு, கன்கஷன் என்கிறார்கள். நினைவு தப்பினால்தான் அது என்று நினைப்பது தவறு. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை.

சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்வில் நரம்புச் செல்களின் வேலை சில நாட்கள், சில வாரங்கள் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் படத்தில் விழாது. ஸ்கேன் நார்மல் என்றால் அப்போதைக்கு மூளையில் ரத்தக்கசிவு தென்படவில்லை என்று பொருள். உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எது அடியால், எது சோர்வால்?

பிரிப்பது மருத்துவர்களுக்கே சிரமம். தூக்கக் கேடு, களைப்பு, கவனச் சிதறல், எரிச்சல் எல்லாம் இரண்டிலும் வரும். மனச்சோர்வை அளக்க மருத்துவமனைகளில் தரும் ஒன்பது கேள்விப் படிவத்தில் தூக்கமும் களைப்பும் கவனமும் தனித்தனிக் கேள்விகள். மண்டையில் அடிபட்டவர் அதை நிரப்பினால், மனம் எப்படி இருந்தாலும் மதிப்பெண் ஏறத்தான் செய்யும்.

சில அடையாளங்கள் உதவும். வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போவது, தலையைத் திருப்பினால் சுற்றுவது, போன் திரையைப் பார்த்தால் குமட்டுவது ஆகியவை அடியின் பக்கம் கைகாட்டுபவை. காரணமற்ற குற்றவுணர்வு, எதிலும் நம்பிக்கையின்மை, வாழப் பிடிக்காத எண்ணம் ஆகியவை மனச்சோர்வின் பக்கம். ஆனாலும் ஒன்று மற்றொன்றை இழுத்துவிடும். முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு மூளை அதிர்வு குணமாகக் கூடுதல் நாள் பிடிப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தத் தாமதம் நோயாளியின் மனவலிமைக் குறைவல்ல.

மருத்துவருக்கு மிகவும் உதவுவது ஒரு தாள். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ‘விழுவதற்கு முன்’, வலப்பக்கம் ‘விழுந்த பிறகு’ என்று எழுதுங்கள். இடப்பக்கம்: விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு, சமைக்கப் பிடிக்காது, யாரோடும் பேசத் தோன்றாது. வலப்பக்கம்: டியூப்லைட் கூசுகிறது, மிக்ஸி ஓடினால் தலை பிளக்கிறது, பஸ் போர்டில் எழுத்து ஆடுகிறது, சொல்ல வந்தது பாதியில் மறக்கிறது. ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்களில் வாயால் சொல்லி முடியாததை இந்தத் தாள் சொல்லிவிடும். கூட இருப்பவர்களைக் கேட்டும் எழுதுங்கள். எரிச்சலும் மறதியும் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.

மாத்திரைகளில் கவனம்

‘தலையில் அடிபட்டிருக்கிறது, இந்த நேரத்தில் மனநல மாத்திரை வேண்டாம்’ என்று தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இதைச் செய்யாதீர்கள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளைத் திடீரென விட்டால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும். அடியின் அறிகுறிகளோடு இவையும் கலந்துவிட்டால் எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. குறைப்பதோ மாற்றுவதோ மனநல மருத்துவரின் முடிவாக இருக்கட்டும். பியூப்ரோபியான் சாப்பிடுபவர்கள் உடனே அவரிடம் பேச வேண்டும். அந்த மருந்துக்கு வலிப்பைத் தூண்டும் தன்மை உண்டு.

வலி மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்குவது இன்னொரு சிக்கல். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் வகை மாத்திரைகளோடு இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். டிரமடால் சேர்ந்தால் வலிப்பு அபாயமும், செரட்டோனின் அளவு மீறி உடல் நடுங்கிக் காய்ச்சல் காணும் அபாயமும் உண்டு. லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு டைக்ளோஃபினாக் வகை மருந்துகள் ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும். பொதுவாகப் பாராசிட்டமால்தான் முதல் தேர்வு. அதையும் மாதத்தில் 15 நாட்களும் அதற்கு மேலும் விழுங்கிக்கொண்டிருந்தால் மாத்திரையே தலைவலியை நீட்டிக்கும். தூக்க மாத்திரையையும் மதுவையும் தொடாதீர்கள். ஏற்கெனவே தினமும் தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள்.

எப்படிச் சொல்வது?

"டாக்டர், எனக்கு ரெண்டு வருஷமா மனச்சோர்வு இருக்கு, இந்த மாத்திரை சாப்பிடறேன். ஆனா இந்தத் தலைசுற்றலும் வெளிச்சக் கூச்சமும் விழுந்தப்புறம்தான் வந்துச்சு." இவ்வளவு போதும். மனநோயைச் சொன்னால் எல்லாவற்றையும் மனதின் மேல் போட்டுவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். அதற்காக மறைத்தால் மருந்து மோதலில் போய் முடியும். மனநல மருத்துவரிடமும் அடிபட்டதைச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் காட்டுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் அறிகுறிகள் நீடித்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, அரசு வகுத்த உச்சவரம்புக்குள், கட்டணம் இல்லை.

ஓய்வு எவ்வளவு?

வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைக்கும் பழைய முறை இப்போது இல்லை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள், முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பின் மெதுநடை போன்ற லேசான அசைவைத் தொடங்கச் சொன்னார்கள். அறிகுறி வெகுவாகக் கூடினால் குறைத்துக்கொள்ளலாம். மனச்சோர்வு உள்ளவரை அறைக்குள் தனியாக அடைப்பது இரட்டைக் கெடுதல்.

பெரியவர்கள் விஷயத்தில்

அறுபது தாண்டியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் தலையில் லேசாக இடித்துக்கொண்டால்கூடச் சில வாரங்கள் கழித்து மூளையைச் சுற்றி மெல்ல ரத்தம் சேரக்கூடும். பேச்சு குறையும், நடை தளரும், மறதி கூடும், பகலெல்லாம் தூங்குவார்கள். ‘அப்பாவுக்கு மறுபடி மனசு சரியில்லை’ என்று விட்டுவிடாமல், சமீபத்தில் எங்காவது விழுந்தாரா, இடித்துக்கொண்டாரா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மீண்டும் ஸ்கேன் தேவைப்படும்.

உடனே 108

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறும் பேச்சு, கை கால் பலவீனம், ஒரு கண்பாவை மட்டும் விரிவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் புதிதாக வந்தாலும், பழைய எண்ணம் வலுத்தாலும் அதுவும் அவசர நிலைதான். தலைக் காயத்துக்குப் பின் இந்த ஆபத்து கூடுகிறது. டெலி மானஸ் 14416 எந்த நேரமும் இயங்கும் இலவச எண், தமிழிலும் பேசலாம். வீட்டில் இருப்பவர்கள் அவரைத் தனியே விடாமல், அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.