பனிப்பூ களிமண்: பெற்றோர் கவனத்திற்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்து வீடுகளில் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது பெரும்பாடு. கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். அந்த வகையில், கிறிஸ்துமசையொட்டிச் சில வீடுகளில் பிள்ளைகள் வண்ணக் களிமண்ணில் பனிப்பூ செய்து ஜன்னலில் தொங்கவிடுவது நல்ல காரியமே. நம்ம நாட்டில் பனி விழாது, அதனால் என்ன? விரலுக்கும் வேலை, மூளைக்கும் வேலை. ஆனால் இந்தக் களிமண்ணின் சங்கதியைப் பெற்றோர் தெரிந்துகொண்ட பிறகே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

களிமண் என்று பெயரே தவிர இதில் மண் கிடையாது. பாலிமர் களிமண் என்பது பி.வி.சி. பொடி, வீட்டுக்குத் தண்ணீர் வருகிற குழாயும் அதே சரக்குதான். அது மாவு மாதிரி பிசைய வரட்டும் என்று, இளக்கி என்கிற எண்ணெய் போன்ற இரசாயனத்தைக் கலக்கிறார்கள். வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் இது இறுகாது. ஓவனில் சூடு காட்டினால்தான் பொடியெல்லாம் ஒன்றாக ஒட்டி இறுகும். பாக்கெட்டைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி செல்சியஸ், 15 முதல் 30 நிமிடம். அச்சடித்திருப்பதைப் படித்து அதன்படியே செய்ய வேண்டும்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சூடு 175 டிகிரியைத் தாண்டினால் களிமண் கருகும். கருகினால் வருவது சாதாரணப் புகையல்ல, ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமில வாயு. கண் எரியும், தொண்டை கமறும், இளைப்பு இருக்கிற பிள்ளைக்கு மூச்சு முட்டும். ஆகவே கேஸ் அடுப்பு, தோசைக்கல், கரி அடுப்பு எதிலும் இதைச் சுடவே கூடாது. மைக்ரோவேவும் ஆகாது. ரொட்டி வாட்டுகிற சிறு ஓவனில் சூட்டுக்கம்பி கிட்டத்திலேயே இருக்கும். குமிழில் 130 என்று இருந்தாலும் உள்ளே 180 இருக்கலாம். அதில்தான் சுட வேண்டுமென்றால், ஓவனுக்குள் வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள், பனிப்பூவை அலுமினியத் தாளால் மூடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நில்லுங்கள். புகை வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள். ஆறும்வரை ஓவன் கதவைத் திறக்காதீர்கள்.

இளக்கிகளில் தாலேட் என்றொரு வகை உண்டு. அதில் சில, உடலின் சுரப்பிகள் செய்கிற வேலையைக் கெடுக்கும் என்பதால், சிறுவர் விளையாட்டுப் பொருள்களில் அவற்றுக்கு 0.1 விழுக்காடு வரம்பு வைத்து அமெரிக்கா 2008-இல் சட்டம் போட்டது. ஐரோப்பாவிலும் கட்டுப்பாடு உண்டு. பெயரும் விவரமும் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிற களிமண்ணை வாங்காதீங்க. பிசைந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் பிள்ளைகள் பிஸ்கட்டைத் தொடக் கூடாது. களிமண்ணுக்குப் பயன்பட்ட தட்டும் கத்தியும் மறுபடி சமையலுக்கு வரக் கூடாது. சப்பாத்திக் கட்டையைத் தரவே தராதீர்கள்.

உருட்ட ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். சாஸ் போத்தலாக இருக்கட்டும், மருந்துப் போத்தலாக வேண்டாம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாராகுவாட் இந்நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டாலும் வேறு களைக்கொல்லிகள் தோட்டத்தில் இருக்கவே செய்கின்றன. காலிப் போத்தலை எத்தனை முறை கழுவினாலும் அது வீட்டுக்கு வருகிற சாமான் அல்ல. மருந்தடித்துவிட்டு வருகிற அம்மாவோ அப்பாவோ, குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

செய்முறை சுலபம். பனித்துகளுக்குப் பெரும்பாலும் ஆறு கை. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதே காரணம். வெர்மாண்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885-இல் நுண்ணோக்கி வைத்து இதைப் படமே பிடித்துக் காட்டினார். பிள்ளைகள் எட்டுக் கை வைப்பார்கள். கோலம் தெரிந்த வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. தாளில் மூன்று புள்ளி, மேலும் கீழும் இடைப்புள்ளியாக இரண்டிரண்டு. நடுப்புள்ளியிலிருந்து மற்ற ஆறுக்கும் கோடு இழுத்தால் பனிப்பூவின் எலும்புக்கூடு தயார். அதன்மேல் இடியாப்பத்தைவிடக் கொஞ்சம் தடித்த திரிகளை வைத்து, ஒவ்வொரு கையிலும் சிறு கிளை ஒட்டி, மூட்டுகளை நன்றாக அழுத்த வேண்டும். தொங்கவிடும் ஓட்டையை ஈர்க்குச்சியால் சுடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். மூன்று வயதுக்குட்பட்டதுகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சின்னத் துண்டு தொண்டையில் சிக்கும்.

ஓவனே இல்லாத வீட்டில் என்ன செய்வது? இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, ஒரு கப்புக்குக் குறைவாகத் தண்ணீர். பிசைந்து, தட்டி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் திருப்பித் திருப்பிக் காயவைக்கலாம். செலவு குறைவு, புகையும் இல்லை. ஆனால் இதுவும் முழுக்கப் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மாவில் எலுமிச்சம்பழ அளவு உருண்டையிலேயே ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி உப்பு இருக்கிறது. சின்னப் பிள்ளை அதை விழுங்கினால் இரத்தத்தில் உப்பு ஏறி, வாந்தி, கடுந்தாகம், மயக்கம், வலிப்பு வரை போகலாம். அப்போது வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. உடனே மருத்துவமனைக்குப் போங்க, இல்லை 999-ஐக் கூப்பிடுங்க.

சூட்டுத் தட்டைத் தொட்டுக் கை சுட்டுவிட்டால் கிச்சாப், பற்பசை, வெண்ணெய் எதுவும் பூசக் கூடாது. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். இருபது நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி, கிளினிக்கில் காட்டுங்கள்.

முடிந்த பனிப்பூவை ஜன்னல் கம்பியில் தொங்கவிடலாம். மெழுகுவர்த்திக்கும் சாமி விளக்குக்கும் பக்கத்தில் வேண்டாம். மாவில் செய்தது மழைக்காலத்துக் காற்றில் இளகிப் போகும். மேலே வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து, பண்டிகை முடிந்ததும் டப்பாவில் போட்டு இறுக மூடிவையுங்கள், அடுத்த வருஷத்துக்கும் உதவும்.