கழிவு ஒயிலைக் கானுக்குள் ஊற்றலாமா?

ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எம்மவர் பலர், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு பழைய காரை வாங்குகிறோம். கராஜ் செலவை மிச்சம் பிடிக்க ஒயில் மாற்றுவதையும் நாமே செய்கிறோம். அதில் பிழையில்லை. வடித்தெடுத்த நாலைந்து லீற்றர் கறுப்பு ஒயிலை என்ன செய்கிறோம் என்பதில்தான் பிழை விடுகிறோம்.

ஊரில் அதற்கு ஒரு வேலை இருந்தது. கறையான் அரிக்காமல் கொட்டில் கப்புகளுக்குப் பூசினோம். இங்கே சிலர் இருட்டியதும் வீதியோரக் கானுக்குள் ஊற்றிவிடுகிறார்கள். 'நகரசபை சுத்தம் செய்யும்தானே' என்கிறார்கள்.

ஸ்காபரோவில் அப்படியல்ல. வீட்டுக் கழிவுநீர் ஒரு குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வீதிக் கானில் விழுவதோ வேறு குழாயில், ஹைலண்ட் கிறீக் போன்ற ஓடைகள் வழியாக ஒன்ராறியோ ஏரியில் கலக்கிறது. நாம் குடிக்கும் குழாய்த் தண்ணீரும் அதே ஏரித் தண்ணீர்தான்.

தண்ணீரில் ஒயில் கலந்தால் என்ன பாடு என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் ஒயில் கலந்து, சனம் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றது. அங்கு மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசு கொடுக்கலாம், கெட்ட நிலத்தடி நீரைத் திருத்துவது இலேசல்ல.

ஆகவே நாம் செய்யவேண்டியவை:

1. ஒயில் ஆறியதும், புதிய ஒயில் வந்த கலனிலேயே ஊற்றி இறுக்கி மூடுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றவேண்டாம். பிள்ளைகள் குடித்துவிடக்கூடும்.

2. பிரேக் ஒயில், கூலன்ற், பெற்றோல் எதையும் அதனுடன் கலக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனிக் கலனில் வைத்துப் பெயர் எழுதுங்கள்.

3. கூலன்ற் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிள்ளை வாயில் வைத்தால், வாந்தி வருமா என்று பார்த்திராமல் உடனே 911 ஐ அழையுங்கள்.

4. நிலத்தில் சிந்தினால் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். மரத்தூள் போட்டு உறிஞ்சவிட்டு, கூட்டி அள்ளிப் பையில் கட்டி, கழிவு ஒயிலோடு சேர்த்துக் கொடுங்கள்.

பழைய பற்றறி, ஒயில் பில்ரர் ஆகியவற்றையும் குப்பைத் தொட்டியில் போடாமல் எடுத்து வையுங்கள்.

இவற்றை நகரசபையின் சேகரிப்பு நிலையங்களில் இலவசமாக ஒப்படைக்கலாம். ஸ்காபரோவில் மார்க்கம் வீதி, ஷெப்பர்ட் வீதிப் பக்கமாக ஒன்று உள்ளது. திறக்கும் நேரத்தையும் எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதையும் 311 இல் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் ஒழுங்கு செய்வார்கள்.

'அகதி வழக்கு இன்னும் முடியவில்லையே, போனால் ஏதாவது கேட்பார்களோ' என்று தயங்குவோருக்கு ஒரு வார்த்தை. குடிவரவு நிலையைப் பாராமல் எல்லோருக்கும் சேவை வழங்குவதென ரொறன்ரோ நகரசபை 2013 இல் உறுதிசெய்தது. கழிவு ஒயில் கொடுப்பதற்காக யாரும் பயப்படத் தேவையில்லை.

ஒயில் தேய்ந்து போவதில்லை, அழுக்காகிறது, அவ்வளவே. அழுக்கையும் நீரையும் பிரித்துச் சுத்திகரித்தால் மறுபடி எஞ்சினுக்கே உதவும். கானுக்குள் ஊற்றினால் எமது பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைத் தேடித்தான் போகும். அடுத்தமுறை ஒயில் மாற்றும்போது பக்கத்து வீட்டாரின் கலனையும் கேட்டு வாங்கி, ஒரே பயணமாகக் கொண்டுபோய்க் கொடுப்போம்.